படகுக்குளம் எங்கள் தாத்தா தந்தது

எங்கள் நகரப் பூங்காவில் பொம்மை ரயில் உண்டு, கண்ணாடி மாளிகை உண்டு, வாத்துப் படகுகள் மிதக்கும் குளமும் உண்டு. அந்தக் குளத்தை உண்டாக்கியவர் என் தாத்தா. எங்கள் வீட்டுக் குழந்தைகள் பேசப் பழகும்போதே இதைச் சொல்லி வளர்க்கிறோம்.

பூங்காவின் வரலாற்றைப் பலகையில் எழுதி வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கண்காணிப்பாளரின் அறைக்குப் போனேன். தாத்தாவின் பெயர் விட்டுப்போனால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது? தங்கையும் கூடவே தொற்றிக்கொண்டாள். வேண்டாமென்றால் கேட்கிற பிறவியா அவள்?

“குளத்த உருவாக்கின பெருந்தகைன்னு போடுங்க,” என்றேன்.

“எப்படிங்கய்யா உருவாக்கினாரு? ஆள் வெச்சு வெட்டினாரா?” என்றார் கண்காணிப்பாளர்.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

“வெட்டவும் இல்ல, கொத்தவும் இல்ல. தாத்தாவுக்கு இங்க செடிக்குத் தண்ணி விடுற வேலை. வால்வத் திறந்துவிட்டுட்டு மரத்தடியில படுத்தவரு அப்படியே தூங்கிட்டாரு. முழிச்சுப் பார்த்தா பள்ளம் பூரா தண்ணி, நடுவுல வாத்து! வேடிக்கை பார்க்க ஜனம் கூடிடுச்சு. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாங்க.”

“வாய மூடுடி!”

கண்காணிப்பாளர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “ஐயா, இதத்தான் போடப்போறேன்!”

எங்கள் குடும்ப மானம் வாத்துப் படகேறியது.

அந்நேரம் பார்த்து, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பொம்மை ரயில் ஓட்டுநர் உள்ளே வந்தார்.

“சார், அன்னிக்குத் தூங்கினது எங்க தாத்தா. ரெண்டு பேரும் ஒண்ணாதான் வேலை பார்த்தாங்க. இவர் தாத்தா அன்னிக்கு லீவு.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “யோவ், கொசு பறந்தாலே எழுந்து உட்கார்ற பரம்பரைய்யா உங்களுது! அந்தத் தூக்கம் உங்களால ஆகுமா?”

“எங்க தாத்தா மழையிலயே தூங்குவாரு!”

“எங்க தாத்தா அந்தக் குளத்துலயே தூங்கினாரு! தண்ணி இடுப்புக்கு வந்தப்புறம் புரண்டுதான் படுத்தாரு!”

தங்கை என் சட்டையை இழுத்தாள். “அண்ணா, இவ்வளவு நேரம் அத மறைக்கத்தானே பார்த்தீங்க?”

“நீ சும்மா இரு.”

“அந்த ரத்தம்தானே உங்களுக்கும் ஓடுது?” என்றார் ஓட்டுநர். “என் ரயில் விசில் சத்தத்துல தூங்கிக் காட்டுங்க, ஒத்துக்கறேன்.”

ரயில் மேடைக்குப் போனேன். அங்கிருந்த பெஞ்சில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

பிறகு நடந்ததெல்லாம் தங்கை சொல்லித்தான் தெரியும். ரயில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து அலறியதாம். குழந்தைகள் என் காதில் ஊதல் ஊதினார்களாம். என் குறட்டையில் விசில் சத்தமே கேட்கவில்லை என்று ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினாராம். அவர் வந்து உலுக்கியும் நான் எழவில்லையாம்.

பலகையில் இப்போது எங்கள் தாத்தாவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதைப் படித்து யாராவது சிரித்தால், நானே அருகில் போய், தூங்கியவர் என் தாத்தாதான், வேறு யாருமில்லை என்று திருத்தமாகச் சொல்லிவிட்டு வருகிறேன்.