ஆகாயத்தில் போன சாயத்தண்ணீர்

சகலைகள் இருவரில் இளையவருடைய சாயப்பட்டறைக்கு முன்னால் வந்ததும் கால்வாய் தரையை விட்டு எழும்பி, இரண்டு ஆள் உயரத்தில், மதில் நீளத்துக்கும் ஆகாயத்திலேயே போய், மதில் முடிகிற மூலையில் சத்தமில்லாமல் இறங்கி மறுபடியும் தன் வழியில் ஓடியது. இது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கியது. அன்று மேலே போனது மஞ்சள் தண்ணீர். கீழே, கால்வாயின் தரையில், கணுக்கால் அளவுக்குச் சுத்தமான தண்ணீர் ஊறி நின்றது. கூழாங்கற்கள் தெரிந்தன, அவற்றுக்கு நடுவில் எங்கிருந்தோ வந்த மீன்குஞ்சுகளும் தெரிந்தன. முதல் நாள் ஊரே கூடியது. இரண்டாம் நாள் பாதி ஊர் வந்தது. அடுத்த வாரத்துக்குள் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் தலையைத் தூக்காமலே அதன் அடியில் புகுந்து போகப் பழகிவிட்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கால்வாய்க் கரையில் இருந்த பட்டறைகளிலேயே பெரியது மூத்த சகலையுடையது. அதற்கு அடுத்த மதில் இளையவருடையது. அக்காளையும் தங்கையையும் கட்டியவர்கள். மூத்தவர் சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவர், அதுவும் யாரும் எதிர்த்து நிற்காத தலைவர். சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் கால்வாயில் விடக்கூடாது என்று நகராட்சி சட்டம் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவார்கள். சங்கத்தார் சலவைச் சட்டையில் வந்து உட்காருவார்கள். தலைவர் மனுவை வாசிப்பார். தொழில் நசிந்துவிடும், கால அவகாசம் வேண்டும் என்பதுதான் எப்போதும் மனு. தேதி மட்டும் மாறும். அவர் எங்கெல்லாம் மூச்சு வாங்க நிறுத்துகிறாரோ அங்கெல்லாம் மற்றவர்கள் ஒரே நேரத்தில் தலையாட்ட வேண்டும். அதற்கு முதல் நாள் சங்கக் கட்டடத்தில் ஒத்திகை உண்டு. கேட்டு ஆட்டினால் பிந்திப்போகிறது என்பதால், கேட்காமல் ஆட்டுவதற்கே பழக்கியிருந்தார் தலைவர்.

இளையவர் சத்தம் காட்டாமல் தன் பட்டறையில் சுத்திகரிப்புத் தொட்டி கட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தச் செலவைத் துணி மேல் ஏற்றியதில் வாடிக்கை பாதியாகக் கரைந்து, அந்தப் பாதி அப்படியே பக்கத்து மதிலுக்குள், அதாவது மூத்தவரிடம், போய்ச் சேர்ந்திருந்தது. அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மூத்தவர் வாசித்து முடித்ததும் இளையவர் தலையாட்டாமல் எழுந்து நின்றார்.

"அண்ணன் வாசிச்சது சங்கத்துப் பேச்சு. நான் என் பேச்சைச் சொல்லிடறேன். எங்க மேல சட்டம் போடுங்க. மூணு வருஷம் டைம் குடுங்க, ஆனா எல்லாருக்கும் போடுங்க. நான் ஒருத்தன் மட்டும் சுத்தம் பண்ணா நான் ஒருத்தன் மட்டும்தான் கடையை மூடணும். கால்வாய் இப்படியேதான் கிடக்கும்."

யாரும் கைதட்டவில்லை. யோசிக்கிறோம் என்றார் நகராட்சித் தலைவி. மறுநாள் காலை கால்வாய் எழும்பியது.

மூத்தவருக்குப் பொறாமை வந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. சோறு இறங்காத பொறாமை, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போகிற பொறாமை. இத்தனை நாள் அவருடைய சாயத்தண்ணீர் பள்ளத்தில் போய்க்கொண்டிருந்தது, யார் குனிந்து பார்த்தார்கள்? இப்போது அது சகலையின் மதிலுக்கு மேலே வெயிலில் ஜொலித்தபடி போனது. இன்றைக்குப் பெரியவர் பட்டறையில் கத்தரிப்பூ நிறம், நாளைக்குக் கிளிப்பச்சை என்று ஊர் அண்ணாந்து சொன்னது. போட்டிக் கம்பெனிக்காரர்கள் மொட்டை மாடியில் நின்று அவருடைய புது நிறங்களைக் குறித்துக்கொண்டார்கள். அசிங்கம் அவருடையது, அதிசயம் சகலையுடையது. இது எந்த ஊர் நியாயம் என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டார். கணக்குப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பார். தாங்க முடியாதது வேறு. அவர் மனைவி தினமும் சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அந்த மதிலோரம் நின்று மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவாள். ஒருநாள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, அவரைப் பார்க்காமல், "என் தங்கச்சி குடுத்து வச்சவ" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். குறையாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருக்கும். வீட்டில் முதல் மாப்பிள்ளையாக இருபது வருடம் இருந்தவருக்கு, பெண்டாட்டியின் கண்ணில் இரண்டாம் மாப்பிள்ளை ஆகிவிட்டோம் என்பது அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் உறைத்தது. அன்றிலிருந்து அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அவள் ஒருதரமாவது இந்த வீட்டுக் கால்வாயை அப்படி நின்று பார்க்க வேண்டும்.

முதலில் சகலை கால்வாயைத் திருடிவிட்டார் என்று புகார் கொடுத்தார். நகராட்சிப் பொறியாளர் வந்து, ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் அளந்துவிட்டு, தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை, கால்வாய் தரையில்தான் ஓட வேண்டும் என்று விதிகளில் எங்கும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு மூத்தவர் சகலையின் தொட்டியைவிட இரண்டு மடங்கு பெரிய தொட்டி கட்டினார். வெளிநாட்டு மோட்டார், நீலநிற டைல்ஸ். அதை ஓட்டிவிட்டுத் தன் வாசலில் நின்று பார்த்தார். கால்வாயின் மேல்பக்கத்தில் இருந்த மற்றப் பட்டறைகளின் சிவப்பும் கறுப்பும் வழக்கம்போல அவர் வாசலில் தரையோடு தரையாகப் போயின. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, கரண்டுக்குப் பிடித்த கேடு என்று மோட்டாரை நிறுத்திவிட்டார். அந்த இரண்டு மாதமும் அவர் மனைவி தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை.

கடைசியில் மானத்தை விட்டுச் சகலையிடமே கேட்டார்.

"சகல, உண்மையைச் சொல்லு. என்னத்தைப் பண்ணித் தொலைச்சே?"

"எனக்கே தெரியாதுண்ணே. தொட்டி கட்டின ரெண்டு வருஷமும் ஒண்ணும் நடக்கல. அன்னிக்கு மீட்டிங்ல வாயைத் திறந்தேன், மறுநாள் பார்த்தா இப்படி."

மூத்தவர் வீடு வரும் வரை அதையே அசைபோட்டார். அப்படியானால் விஷயம் தொட்டியில் இல்லை, வாயில் இருக்கிறது. வாய் என்று வந்துவிட்டால் அந்தக் கரையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டம் வந்தது. சங்கத்தார் ஒத்திகை முடித்து சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் மனுவைப் பிரித்து, கால அவகாசம் என்ற இடம் வரைக்கும் வந்துவிட்டார். அப்போது நிமிர்ந்து பார்த்தார். பின்வரிசையில் அவர் மனைவியும் அவள் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். வாசிப்பவர் இவர், இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது இளையவரை. மூத்தவர் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சகலை போன தடவை மூணு வருஷம் கேட்டாரு. எதுக்கு மூணு வருஷம்? மூணு வருஷம் என்ன பண்ணப் போறோம்? ஒரு வருஷம் போதும். ஒரே வருஷத்துல எல்லாரும் நிறுத்தணும்னு சட்டம் போடுங்க."

சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினார். சங்கத்தார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். தலைவி அதைப் பார்த்தார். சங்கம் ஏகமனதாக ஆதரிக்கிறது என்று நகராட்சிச் செயலாளர் எழுதிக்கொண்டார்.

இளையவருக்குச் சுருக்கென்றது. அவரும் மனுஷன்தானே. எழுந்து, "சோதனைக்கு வர்றவங்க சொல்லாம கொள்ளாம வரணும்" என்றார். மூத்தவர் விடவில்லை. "வரட்டும். வந்து பார்த்ததை ஒவ்வொரு பட்டறை வாசல்லயும் போர்டுல எழுதி வைக்கணும். முதல் போர்டு என் வாசல்ல" என்றார். தலைகள் ஆடின. "சின்னப் பட்டறைக்காரங்க என்னண்ணே பண்ணுவாங்க?" என்றார் இளையவர், மடக்கிவிட்ட நினைப்பில். "பெரிய பட்டறைங்க சேர்ந்து பொதுத்தொட்டி கட்டிக் குடுக்கணும். அதையும் சட்டத்துல எழுதுங்க" என்றார் மூத்தவர். இந்த முறை சின்னப் பட்டறைக்காரர்கள் மனசாரத் தலையாட்டினார்கள். பெரிய பட்டறைக்காரர்கள் பழக்கத்தில் ஆட்டினார்கள். ஊர் நன்மைக்காகப் போட்ட சட்டங்களிலேயே பொறாமையில் பிறந்து, கழுத்து வலியில் முடிந்த சட்டம் இது ஒன்றுதான்.

வெளியே வந்த பிறகுதான் சங்கத்தாருக்குப் புத்தி வந்தது. டீக்கடையில் நின்று நீ ஏன் ஆட்டினே, நீ ஆட்டினதால ஆட்டினேன் என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். அந்த வாரமே மூத்தவரைத் தலைவர் பதவியிலிருந்து தூக்கிவிட்டு, சட்டம் எப்படியும் வரப்போகிறது, அதைத் தெரிந்தவராவது இருக்கட்டும் என்று இளையவரைத் தலைவராக்கினார்கள். மூத்தவர் அதைக் காதில் வாங்காமல் தன் வாசலில் நின்று கால்வாயைப் பார்த்தார். அது எழும்பவில்லை. மறுநாளும் எழும்பவில்லை. தொட்டி கட்டி, பதவி போய், சட்டத்தைத் தானே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்ட பிறகும் அதிசயம் பக்கத்து மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு விரற்கடைகூட வரவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவர் பாதியாக இளைத்தார். பொதுத்தொட்டிக்குக் குழி தோண்டியபோதும் வாசலில் போர்டு மாட்டியபோதும், வேறு எவனும் முந்திவிடக்கூடாது என்ற ஒரே எரிச்சலில் முதல் ஆளாக நின்றார்.

சட்டம் அமலுக்கு வந்த காலையில், முந்தின நாள் விட்ட கடைசி ஊதாச் சாயமும் ஆகாயத்தில் ஏறிப் போனதும், கால்வாயின் மேல்பக்கத்திலிருந்து தெளிந்த தண்ணீர் வந்தது. அது இளையவரின் மதில் ஓரம் வந்து, எழும்பாமல், தரையிலேயே நடந்து போயிற்று. மூத்தவர் அதைக் காணவென்றே போயிருந்தார். சகலையின் முகம் வாடுவதைப் பார்த்து ஒரு நிமிடம் வயிறு குளிர்ந்தது. பிறகு அண்ணாந்து பார்த்தார். அந்தக் கடைசி ஊதா மட்டும் இறங்கவில்லை. பின்னால் தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாததால் மதில் நீளத்துக்கு அப்படியே ஆகாயத்தில் நின்றுவிட்டது. அங்கே அதுவாவது மிச்சம், இங்கே என்ன இருக்கிறது என்று முனகிக்கொண்டே வீடு திரும்பினார்.

பட்டறைக்குப் பின்னால் கால்வாய்ப் படியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, இரண்டு காலையும் தண்ணீரில் விட்டிருந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்குப் போகலையா? ஊதா இன்னும் அங்கதான் தொங்குது."

"தொங்கட்டும்."

"இங்க என்ன இருக்குன்னு பார்த்துக்கிட்டிருக்கே?"

"தண்ணி இருக்கு. நீங்க கேட்டு வாங்கின தண்ணி. செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்க."

அவர் இறங்கினார். கால் சில்லிட்டது. விரல்கள் பத்தும் அவருக்கே தெரிந்தன. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"சகலை வீட்டுப் பக்கம் இதைவிடத் தெளிவா இருக்குமோ?"

அவள் சிரித்துவிட்டாள். "இங்கேருந்துதானே அங்க போகுது" என்றாள்.

இதை அவர் இருபது வருடமாக யோசித்ததில்லை. மேட்டில் இருப்பவர் அவர். அவர் வாசலைத் தாண்டாமல் சகலைக்கு ஒரு கைத்தண்ணீரும் கிடைக்காது. அன்று மதியம் அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த ஊதா இன்னும் ஆகாயத்தில்தான் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் பொதுத்தொட்டிக்கு வழி கேட்டால், ஊதாவைத் தாண்டி இடதுபக்கம் திரும்புங்கள் என்று சொல்கிறார்கள்.