பதினொன்றாம் நம்பர் யோசனை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று என் தம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அன்றைக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டூடியோ என்னுடையது. படம் எடுப்பதும் அதைக் கம்ப்யூட்டரில் திருத்துவதும் நான். வெப்சைட் தம்பியின் பொறுப்பு. சாப்பிடும்போதுகூட எத்தனை லைக் வந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பதால் வீட்டில் அவன் பெயரே லைக்கு. வெப்சைட்டில் வாரம் ஒரு கட்டுரையாவது போட வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்று முப்பது தலைப்புகளை எழுதி, பின்னணித் திரைகளைச் சுருட்டி வைத்திருக்கும் அலமாரிக் கதவில் ஒட்டினான். அழுகிற குழந்தையைச் சிரிக்க வைப்பது எப்படி, குடும்பப் படத்துக்கு என்ன நிறத்தில் உடுத்தலாம், 'ரெடி' என்றதும் ஏன் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று வரிசையாக இருந்தது.

நான் டீ குடித்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் டிக் போட்டேன். பதினொன்றாம் நம்பர், "முன்னும் பின்னும்: எங்கள் கைபட்டால் முகம் எப்படி மாறும்?" அதற்கு இரண்டு டிக்.

"படத்துக்கு எங்க போறது?" என்றான் லைக்கு.

"பழைய வேலையெல்லாம் கம்ப்யூட்டர்லதானே கிடக்கு. ஆறு பேரை எடுத்துக்கோ."

எங்களிடம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இரண்டு ஃபோல்டர் உண்டு. 'வந்தபடி' என்பதில் கேமராவில் விழுந்த படம். 'முடிந்தது' என்பதில் நான் திருத்திய படம். வாடிக்கையாளர் கைக்குப் போவது எப்போதும் 'முடிந்தது'. கட்டுரையின் கடைசி வரியையும் நானே எழுதிக் கொடுத்தேன்: "இரண்டாவது படத்தில் இருப்பதுதான் உண்மையான நீங்கள்." லைக்கு கை தட்டினான். நானும் பெருமையில் பூரித்துப்போனேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, டீச்சர் வந்தார்.

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், இந்த வருஷம் தலைமையாசிரியை ஆனார். அந்தப் பள்ளியில் புதிதாக வரும் தலைமையாசிரியரின் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டுவார்கள். அதற்காகத்தான் கட்டுரை வருவதற்கு முன்பே என்னிடம் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது காதிலிருந்து தாடை வரைக்கும் தீக்காயத் தழும்பு. எப்படி வந்தது என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று நாற்காலியில் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார். "இதை எடுத்துடாதீங்க. இருக்கிறபடியே இருக்கட்டும்."

சரி என்றுதான் தலையாட்டினேன். ஆனால் என் கை சும்மா இருக்காது. அவர் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் தழும்பைத் துடைத்து, தோலைச் சமமாக்கி, திரையில் வைத்துவிட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இது யாருங்க? எனக்குத் தங்கச்சி யாரும் கிடையாதே."

இரண்டு பேரும் சிரித்தோம். தழும்போடு இருந்த படத்தை அச்சுப் போட்டு வாங்கிப் போனார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். 'முடிந்தது' ஃபோல்டரில் அந்தத் தங்கச்சி அப்படியே கிடந்தாள். அவளை அழிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை வந்த டீச்சர் உட்காரவில்லை. கையில் ஒரு துணிப்பை. போனை என் முன்னால் நீட்டினார். எங்கள் வெப்சைட். பதினொன்றாம் நம்பர் கட்டுரை. ஆறு முகங்களில் மூன்றாவது அவருடையது.

"பசங்க காட்டினாங்க. 'டீச்சர், உங்க கன்னத்தை அழிக்கிற படம் வந்திருக்கு'ன்னு. விரலால இப்படித் தள்ளினா தழும்பு போகுது, அப்படித் தள்ளினா வருது. ஒரு வகுப்பே உக்காந்து தள்ளித் தள்ளி விளையாடியிருக்கு."

உள்ளே பார்த்து, "லைக்கு!" என்று கத்தினேன். அவன் ஓடி வந்தான்.

"பேரு போடலையேக்கா. முகம் மட்டும்தானே போட்டேன்!"

"முகத்தைவிட வேற என்னடா வேணும் உனக்கு? கண்ணு எங்கடா போச்சு? யாரைக் கேட்டுப் போட்டே?"

"நீதான் எடுத்துக்கோன்னு சொன்னே. 'முடிந்தது'ல இருந்துச்சு, எடுத்தேன்."

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால் எனக்கு இன்னும் எரிந்தது.

"இப்பவே எடுத்துடறோம் டீச்சர்" என்றேன்.

"எடுத்தா மட்டும் ஆச்சா?" என்றார் டீச்சர். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். நான் அச்சுப் போட்டுக் கொடுத்த அதே படம், சட்டத்தோடு. "நேத்து வரைக்கும் இது சுவத்துல இருந்துச்சு. நீங்க உண்டாக்கின அந்தத் தங்கச்சியை எங்க பள்ளி நிர்வாகி டவுன்லோட் பண்ணிப் பெருசா பிரிண்ட் போட்டு மாட்டிட்டாரு. இதைக் கழட்டிப் பீரோ பின்னால சொருகி வெச்சிருந்தாங்க. என் பள்ளிக்கூடத்துல, என் படத்தை."

அவருடைய குரல் ஏறவேயில்லை. நான்தான் கொதித்துப்போனேன். யார் அந்த நிர்வாகி? ஒரு பெண் தன் முகம் இதுதான் என்று சொன்ன பிறகு, வேண்டாம் என்று சொல்ல இவர் யார்? கடையை லைக்குவிடம் விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு டீச்சரோடு கிளம்பினேன். வழி நெடுக நான்தான் பேசினேன். டீச்சர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

அலுவலகத்தில் ஐந்து பழைய படங்கள் வரிசையாக இருந்தன. ஆறாவதாக அந்தத் தங்கச்சி, மற்றவர்களைவிட ஒரு சுற்றுப் பெரிய சட்டத்தில். நிர்வாகி எழுந்து வணக்கம் சொன்னார். மரியாதையான ஆள்தான். நான் சுவரைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

"இதுல என்னம்மா தப்பு? பாக்க லட்சணமா இருக்கு. சேர்க்கைக்கு வர்ற பெத்தவங்க முதல்ல பாக்கிறது இந்தச் சுவரைத்தான். டீச்சர் நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

"சார், அது நான் எடுத்த படம். என்னைக் கேக்காம டவுன்லோட் பண்ணி மாட்டியிருக்கீங்க. கழட்டுங்க."

"உங்களைக் கேக்காம எடுத்தது தப்புதாம்மா" என்றார் அவர். போனை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "'இரண்டாவது படத்தில் இருப்பதுதான் உண்மையான நீங்கள்.' இது நீங்க எழுதினதுதானே? ஊருக்கே போட்டுக் காட்டினீங்களே, டீச்சரைக் கேட்டுட்டா போட்டீங்க?"

தெரு முழுக்க யாரைத் திட்டிக்கொண்டு வந்தேனோ, அந்த ஆள் என் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடந்து வந்திருக்கிறாள். நிர்வாகி தழும்பைச் சுவரிலிருந்து எடுத்தார். நான் அதற்கு முன்பே, 'எடுத்துடாதீங்க' என்று கேட்ட காதோடு, முகத்திலிருந்தே எடுத்துவிட்டேன். அவமானமாக இருந்தது.

"கேக்கலை" என்றேன்.

"அப்ப ரெண்டு பேரும் இப்பக் கேளுங்க" என்றார் டீச்சர். வகுப்பில் சொல்கிற மாதிரி.

நிர்வாகி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் அவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைக் காட்டினார். "இந்தப் படம் இருக்கலாமா டீச்சர்?"

"வேண்டாம்."

நாற்காலி போட்டு ஏறி அவரே கழற்றினார். டீச்சர் பையிலிருந்த சட்டத்தை எடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "இதை மாட்டலாமா டீச்சர்?"

"மாட்டலாம். ஆனா நீங்க வேண்டாம், அவர் மாட்டட்டும்." என் கையிலிருந்து அதை வாங்கி நிர்வாகியிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வேற வேலை இருக்கு. அந்தக் கட்டுரையில இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. போய் அவங்களைக் கேளுங்க."