இரண்டு பக்கமும் மாதா

கொடியை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க எங்கள் பாதயாத்திரைக் குழு கூட்டம் மேல் கூட்டம் போட்டது. அதைத் தூக்கப்போகிறவள் நான். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வருடா வருடம் ஆகஸ்டில் பட்டாபிராமிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற குழு இது. போன வருடம் என் மகள் வர்ஷா டெங்குவில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் கொடியை நானே பூந்தமல்லி வரை தூக்கி வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். பிழைத்தாள். குழுத் தலைவர் ஆரோக்கியராஜ் அண்ணனும் சரி என்றார். பழைய கொடி நைந்துபோயிருந்ததால் புதிது செய்யவேண்டி வந்தது. அங்கேதான் வந்தது வம்பு.

அம்பத்தூரில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் வெங்கட் பொறுமையாகத்தான் விளக்கினான். மெல்லிய துணியில் ஒரு பக்கம் அச்சடித்தால் மாதா படம் பின்னாலும் தெரியும், ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித் தெரியும். இரண்டு பக்கமும் நேராக வேண்டுமென்றால் இரண்டு துணியில் அச்சடித்து, நடுவே கறுப்புத் துணி கொடுத்துத் தைக்க வேண்டும். கனக்கும், சரியாகப் பறக்காது என்றும் சொன்னான்.

அந்தக் கடைசிப் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. பின்னால் நடப்பவர்களுக்குக் குழந்தை இயேசு மாதாவின் மற்றக் கையில் தெரிவாரே, அது அடுக்குமா என்று ஆரோக்கியராஜ் அண்ணன் ஆரம்பித்தார். வெறும் நீலத் துணியில் சிலுவையை வெட்டித் தைத்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் சிலுவைதான், கனமும் இல்லை என்றேன். வேளாங்கண்ணிக்கு மாதா இல்லாத கொடியா என்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் வாட்ஸ்அப்பில் ஓட்டு. கொடியைத் தொடக்கூடப் போகாதவர்களெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். இரட்டைத் துணி ஜெயித்தது.

புறப்பாட்டுக்கு முந்தின நாள் கொடி வந்தது. கம்பில் கட்டி, எங்கள் தெருவிலேயே தூக்கி நடந்து பார்த்தேன். முனை திரும்புவதற்குள் தோள் இறங்கிவிட்டது. நல்ல காற்று, மாடியில் காயப்போட்ட புடவைகள் பறந்துகொண்டிருந்தன. இது மட்டும் நனைந்த கம்பளி மாதிரி கம்பைச் சுற்றிக்கொண்டு தொங்கியது. அதில் எந்தப் பக்கத்து மாதாவும் தெரியவில்லை. ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஆரோக்கியராஜ் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"இதுக்குப் போயி ஏன் தங்கச்சி அய்துகினு கீற? உன் ஊட்டுக்காரர் தூக்கட்டும். நேர்ச்ச குடும்பத்துக்குத்தானே?"

"நேர்ந்துகினவ நான் அண்ணே."

அதையும் குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தேன்.

ஃபாதர் இன்னும் ஆசீர்வதித்து மந்திரிக்காத கொடிதான். இருந்தாலும் சிலுவை போட்டுக்கொண்டுதான் தையலைப் பிரித்தேன். என் கணவர் தங்கராஜ் எதிரே உட்கார்ந்து துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நடுவிலிருந்த கறுப்புத் துணியையும் பின்பக்கத்து மாதாவையும் மடித்து பீரோவில் வைத்தேன். தாயே, இது என் குற்றமில்லை, கேட்பதென்றால் அவர்களைக் கேள் என்று மாதாவிடமும் சண்டை போட்டேன்.

மறுநாள் காலைப் பூசையில் ஃபாதர் கொடியை மந்திரித்தபோது, முன்பக்கத்தைப் பார்த்த யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆவடி தாண்டியதும் காற்று வந்தது, கொடி விரிந்து பறந்தது. பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. ஆரோக்கியராஜ் அண்ணன் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து, கொடியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"பின்னாலேந்து பாத்தா கொயந்த கை மாறிக் கீது, ஜெபா."

"அப்ப நீங்க முன்னால வந்து நடங்க அண்ணே. பூந்தமல்லி வரிக்கும் நான் இத எறக்க மாட்டேன்."