இடைவேளைக்குப் பிறகு

கிளாராவின் வலது காலில் காலுறை ஏறவில்லை. பாதம் அவ்வளவு வீங்கியிருந்தது. ஷைனி அம்மாவின் குதிகாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துணியை இழுத்தாள். பாதியில் நின்றுவிட்டது.

“விடுட்டி. பின்பக்கம் கத்தரியால ஒரு வெட்டு வெட்டிட்டா ஏறிரும். மேல சேலைதான வரும், யாருக்குத் தெரியப்போவுது” என்றாள் ரோஸி. அடுத்த வீட்டுக்காரி. முப்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

ஷைனி கத்தரியை எடுத்தாள். அம்மாவுக்கு வலிக்குமோ என்று கை ஒரு கணம் தயங்கியது.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள் கிளாரா. அறுபத்துமூன்று வயது. மாட்டுங்காவில் நான்கு வீடுகளில் சமையல் செய்து இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்தவள். மகன் ஸ்டெர்லின் தான் குடியிருக்கும் நெரூளிலிருந்து வந்து, பெட்டிக்கும் வண்டிக்கும் சர்ச்சுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். அடக்கம் மூன்று மணிக்கு. வண்டி ரோட்டு முக்கு நாக்கா வரைக்கும்தான் வரும், அங்கிருந்து பெட்டியைச் சந்துக்குள் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

வெளியே சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளாரா பார்த்துவிட்டு வந்து சொன்ன நாடகக் கதையை டீக்கடை ஜமால் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

“அந்தப் பிள்ளையோட அப்பன் கயித்த எடுத்துக்கிட்டு லைட்ஹவுஸ் உச்சிக்கே ஏறிட்டான். அங்கேருந்து வீசுதான். மூணாவது வீச்சுல அவ புடிச்சிக்கிடுதா. கிளாராக்கா அதச் சொல்லும்போது நமக்கே உள்ளங்கை எரியும், பாத்துக்கிடுங்க.”

“உங்ககிட்ட அப்பிடியா சொன்னா?” என்றாள் எதிர்வீட்டுச் சொர்ணம்மாள். “எங்கிட்ட வேற மாதிரில்லா சொன்னா. அந்தப் பிள்ள இறங்கவே இல்ல. அம்மக்காரி கரையில நின்னு கூப்பிடுதா. மேலேருந்து பாட்டு மட்டும் கேக்கு. இவ ‘சாப்பிட்டியா’ன்னு கேக்கா. அது ‘சாப்பிட்டேன்’னு பாடுது. அதோட படுதா விழுந்திருச்சுன்னா.”

கத்தரி ஷைனியின் கையில் அப்படியே இருந்தது. இது இரண்டையுமே அம்மா பார்த்திருக்க முடியாது.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில், பி.கே.சி. வணிக வளாகத்தில் ஷைனி வேலை பார்க்கும் ஆபீசில் இரண்டு பாஸ் கொடுத்தார்கள். பெரிய அரங்கத்தில் ஒரு பாட்டு நாடகம், பகல் காட்சி. தாராவியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்தான். ஆனால் கிளாரா அந்தப் பக்கம் போனதே இல்லை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் தவிர வேறெதையும் மேடையில் பார்த்ததும் இல்லை. ஈஸ்டருக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

மேடைக்கு முன்னால் ஒரு குழிக்குள் உட்கார்ந்து முப்பது பேர் வாத்தியம் வாசித்தார்கள். அந்தச் சத்தம் நாற்காலியின் கைப்பிடி வழியாக ஏறியது. லைட்ஹவுஸ்காரனின் மகள் ஒருத்தி பாடினாள். மேடையில் மழை பெய்தது. “நெசமான தண்ணியாட்டி?” என்று கிளாரா உரக்கக் கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் முன்னால் சிரித்தாள். ஷைனி அவள் முழங்காலில் கை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். இரண்டு வரிசை முன்னால் மேனேஜர் ஸ்மிதா உட்கார்ந்திருந்தாள்.

புயல் வந்தது. அந்தப் பெண் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது காற்று அவளைத் தூக்கியது. வெள்ளைக் கவுனும் வெறுங்காலுமாக, பாடிக்கொண்டே, மேடைக்கு மேலே, ஜனங்களின் தலைக்கு மேலே வந்தாள். கம்பி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கிளாரா எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

“ஏசப்பா, பிள்ளையப் பிடிச்சிக்கிடும்!”

சுற்றிலும் உஷ் என்றார்கள். யாரோ சிரித்தார்கள். ஸ்மிதா திரும்பிப் பார்த்து, ஷைனியை அடையாளம் கண்டு, லேசாகப் புன்னகைத்தாள். விளக்குகள் எரிந்தன.

“முடிஞ்சிட்டும்மா. எந்திரி.”

“அதுக்குள்ளயா? அந்தப் பிள்ள மேலயே நிக்காளே?”

“அவ்வளவுதான் கதை.”

ஷைனி முதலில் வெளியே வந்து ஆட்டோவை நிறுத்தினாள். வழியெல்லாம் கிளாரா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் ஷைனியை விடவில்லை. மாஹிம் ஸ்டேஷன் படியில் கூட்டம் நெருக்கும்போது தலைக்கு மேலே அந்த வெறுங்கால்கள் இருந்தன. ஆபீஸ் லிஃப்டில் தனியாக ஏறினால் மேலே நிமிர மாட்டாள். போனில் இரண்டு வார்த்தை அடித்தால் மிச்சக் கதை வந்துவிடும். அடிக்கவில்லை. அடித்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். நேற்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிளாரா பேச்சில்லாமல் வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டு கிடந்தாள். என்னம்மா பார்க்கிறாய் என்று ஷைனி கேட்கவில்லை.

“எனக்குத் தெரியும்ட்டி” என்றாள் ரோஸி. கத்தரியை வாங்கி அவளே காலுறையை வெட்டினாள். “உங்கம்மைக்கும் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அது பாதிதான்னு. நீ ஆட்டோ பிடிக்க முன்னால போயிட்ட. வாசல்ல நின்ன வாட்ச்மேன், ‘ஆன்ட்டி, இது இன்டர்வெல்தான், டிக்கெட்டப் பத்திரமா வச்சுக்கோங்க’ன்னு சொன்னானாம். இவ, மகளுக்குத் தலவலின்னு இந்தியில சொல்லிட்டு வந்துட்டாளாம்.”

ஷைனி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி உதடுகளை அழுத்தி மூடியிருந்தது.

“அம்மா ஏன் சித்தி எங்கிட்ட கேக்கல?”

“கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப?”

ரோஸி காலுறையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டு, அடுத்த காலுக்கு நகர்ந்தாள்.

“காய் நறுக்கும்போது மிச்சத்த நெனச்சிக்கிடுவேன்னு சொல்லுவா. இன்னைக்கு ஒண்ணு வரும், நாளைக்கு ஒண்ணு வரும். எனக்கு மட்டும் ஏழெட்டு சொல்லியிருக்கா. ஒண்ணுல அந்தப் பிள்ள நம்ம சந்துலயே வந்து விழுந்துது. ஷைனிகிட்ட சொல்லிராத, அவ சங்கடப்படுவான்னா.”

பெட்டி வந்துவிட்டது என்று ஸ்டெர்லின் வாசலிலிருந்து குரல் கொடுத்தான்.

சந்தில் நான்கு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகப் பெட்டியைக் கொண்டுபோனார்கள். வளைவில் அதை லேசாகச் சரித்துத் திருப்ப வேண்டியிருந்தது. “மெதுவா, மெதுவா” என்றார் ஜமால். கல்லறையில் பாதிரியார் சுருக்கமாக முடித்தார். ஒரு பிடி மண்ணைப் போட்டதும் ஷைனி தன்னை அறியாமல் அண்ணாந்து பார்த்தாள். மேகம் மூடிய வானம். மேம்பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

ஐந்தரை மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். ஜமால் கடையிலிருந்து கடுங்காப்பி கொண்டுவந்து ஊற்றினார். தூரத்தில் குடியிருப்பவர்கள் கிளம்பிப்போனார்கள். வாசலில் நாலைந்து பேர்தான் மிச்சம்.

“நீதான ஷைனி, அவகூட இருந்த” என்றாள் சொர்ணம்மாள். “நீயே சொல்லு. அந்தப் பிள்ள இறங்குச்சா இல்லையா? இந்த மனுசன் கயிறு கயிறுன்னுட்டே இருக்காரு.”

ரோஸி தலையைக் குனிந்து டம்ளருக்குள் பார்த்தாள். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். கயிறு என்றாலும் நம்புவார்கள், பாட்டு என்றாலும் நம்புவார்கள்.

“நாங்க பாக்கல” என்றாள் ஷைனி. “இன்டர்வெல்லயே வந்துட்டோம். நாந்தான் முடிஞ்சிட்டுன்னு பொய் சொல்லி அம்மாவ இழுத்துட்டு வந்தேன். கூட வேல பாக்கறவங்க பாத்தாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு.”

ஸ்டெர்லின் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டான். ஜமால் கெட்டிலைக் கீழே வைத்தார்.

“அப்ப கிளாரா சொன்னதெல்லாம்?” என்றாள் சொர்ணம்மாள்.

“அம்மாவே கட்டிச் சொன்னது.”

சொர்ணம்மாள் காலி டம்ளரைக் கையில் உருட்டினாள். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, “என்ன அழகாச் சொன்னா” என்றாள்.

சந்தின் முனையில் குழாய் காற்றை இழுத்துச் செருமியது. தண்ணீர் வரும் நேரம். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு போனார்கள். ஷைனியும் எழுந்து பின்னால் நடந்தாள்.

குழாயடியில் டிரம்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது இடத்தில் கிளாராவின் நீல டிரம் இருந்தது. யாரோ பழக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதை யாரும் நகர்த்தவில்லை. இரண்டாவது டிரம் நிறைந்ததும், பின்னால் நின்றவள் குழாயில் மாட்டியிருந்த டியூபை எட்டி எடுத்து ஷைனியின் கையில் கொடுத்தாள்.