மாதாவுக்குப் பச்சைச் சேலை

படப்பையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்தக் கிராமத்துக் கோயிலில், திருவிழாவன்று மாதாவுக்குச் சேலை கட்டுவது பியூலாதான். தாம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர். இந்தச் சேலை கட்டும் வேலை கல்யாணமான வருஷம் கைக்கு வந்தது. திரையை இழுத்துவிட்டால் ஃபாதர்கூட உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார். முழுச் சேலையையும் அந்தச் சின்னச் சுரூபத்தில் புடைப்புத் தெரியாமல் சுற்ற எல்லோருக்கும் வந்துவிடாது. அந்தக் கர்வம் பியூலாவுக்கு உண்டு. இல்லாதது ஒரு பிள்ளை. சுற்றும்போதெல்லாம் அதைத்தான் கேட்பாள்.

அந்த வருஷம் தேர் கிளம்பும் நேரத்துக்குக் குரோம்பேட்டையிலிருந்து சித்திகா வந்து நின்றாள். பாத்திரக்கடை ஜாபரின் மனைவி. இடுப்பில் பல் முளைக்கிற குழந்தை, கையில் பச்சைப் பட்டு.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரே ஒரு வாட்டி வந்து வேண்டிக்கினேன் அக்கா. குடுத்துட்டாங்க. இன்னிக்கு மாதா இதைத்தான் கட்டிக்கணும்."

பியூலாவுக்கு வயிறு எரிந்தது. ஒரே ஒரு வாட்டி வந்தவளுக்குக் கொடுத்தாயிற்று. வருஷம் தவறாமல் கட்டிவிடுகிறவளை மறந்தாயிற்று.

"தேருக்கு நீலம்தாம்மா. பச்சை கட்டுற வழக்கமில்லை."

அப்படியொரு வழக்கம் இருந்ததே இல்லை. சித்திகாவின் முகம் தொங்கிப்போனது.

"தெரியாம வாங்கிட்டேன் அக்கா. காலடியிலயாவது வெச்சிடுங்க."

அவள் சண்டை பிடித்திருந்தால் பியூலாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திரைக்குள் போய் நீலத்தை எடுத்து இரண்டு சுற்று சுற்றினாள். கை ஓடவில்லை.

"நல்லா இருக்கும்மா உன் நியாயம்" என்று மாதாவை வாய்விட்டே திட்டினாள். பிறகு நீலத்தை உருவிப் போட்டுவிட்டுப் பச்சையைக் கட்டினாள். அன்றைக்கு மட்டும் எதையும் கேட்கவில்லை.

தேர் வெளியே வந்தது. ஜாபர் புதுக் கேமரா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் இடிபட்டான். சித்திகா குழந்தையோடு பியூலாவிடம் ஓடி வந்தாள்.

"நீலம்தான்னீங்களே அக்கா?"

"மாதாவே பச்சை கேட்டாங்க." வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள் பியூலா.

சித்திகா அதை அப்படியே நம்பினாள்.

"உங்ககிட்ட பேசுவாங்களா அக்கா? அப்ப உங்களுக்கு வேணும்ன்றதையெல்லாம் கேட்டு வாங்கிக்கினு இருப்பீங்களே!"

குழந்தை பியூலாவின் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"கேட்டேன்" என்றாள். "பச்சையைக் கட்டுன்னாங்க."