எதிரி நாட்டு அஞ்சலி

பசை இன்னும் காயவில்லை. காலையிலிருந்து வீரபாகுவுக்கு நடந்த ஒரே நல்லது அதுதான். ரேஷன் கடைச் சுவரில் இருந்த போஸ்டரின் மேல் மூலையில் தன் கொத்தனார் வேலைக் கரண்டியைச் செருகி ஓர் இழுப்பு இழுத்தான். பாதி கிழிந்து கையோடு வந்தது. மீதிப் பாதியில் தம்பியின் முகம் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவனையே பார்த்தது. அந்த முகத்தில் கரண்டியை வைக்கக் கை வரவில்லை. வாளியிலிருந்து தண்ணீரை அள்ளி அடித்து, விரலால் ஓரம் ஓரமாக உரித்தான்.

எதிரே டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"இன்னா வீரபாகு, உன் தம்பி நேவில இருந்தாராமே? சொல்லவே இல்ல?"

"மிலிட்டிரி கேண்டீன் சரக்கெல்லாம் இவரு மட்டும் வாங்கிக் குட்ச்சிருப்பாருபா" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு எழுந்தது. இழவு வீட்டுக்காரன் என்பது நினைவுக்கு வந்து பாதியிலேயே அடங்கியது. அந்த அடங்கின பாதிதான் வீரபாகுவுக்கு அதிகமாக எரிந்தது. வாளியை டிவிஎஸ் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு அடுத்த சுவருக்குக் கிளம்பினான். தம்பி ஃப்ரீசர் பெட்டியில் கிடக்கிறான். வெயில் இறங்கினதும் தூக்க வேண்டும். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, கொள்ளிச்சட்டி எடுக்க வேண்டியவன் இவன்தான். இவனோ குளிக்காமல் கொள்ளாமல், காமாட்சியம்மன் கோயில் பக்கத்துத் தெருக்களில் சுவர் சுவராகச் சுரண்டிக்கொண்டு திரிகிறான்.

'கண்ணீர் அஞ்சலி' என்று போஸ்டரின் மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. நடுவில், கம்பெனி அடையாள அட்டைக்காகத் தேவேந்திரன் எடுத்துக்கொண்ட படம். அதற்குக் கீழே: 'வேகவதிக் குடியரசின் தலைமைக் கடற்படைத் தளபதி அட்மிரல் தேவேந்திரன் அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' அடியில்: 'இவண், எதிரி நாடுகளான பாலாற்றுப் பேரரசு, புட்குழித் தீவுகள்.'

வேகவதியில் ஓடுவது சாக்கடை. பாலாற்றில் மழைக்காலம் போனால் அதுவும் இல்லை. படித்தவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய தேவேந்திரன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. நாற்பது கூட ஆகவில்லை. மொட்டை மாடியில் அவன் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ரூமில் கட்டிலைத் தவிர மற்றதெல்லாம் கப்பல்கள். கடையில் வாங்கினது ஒன்றுகூடக் கிடையாது. மிக்சி வந்த அட்டைப்பெட்டி உடம்பு, ஐஸ் குச்சி மேல்தளம், தீர்ந்துபோன பேனா ரீஃபிலில் பீரங்கி, பக்கத்து வீட்டுத் தறியில் மீந்த ஜரிகை இழையில் ஏரியல். ஞாயிற்றுக்கிழமையானால் பிஸ்கட் பெட்டியில் அவற்றை அடுக்கிக் கட்டிக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போவான், இருட்டினதும் வருவான். ஒருமுறை பெண் வீட்டார் வந்தார்கள். மாடி ரூமை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு ஒடம்புக்கு ஏதாவது வைத்தியம் பாக்கறீங்களா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து யாராவது வந்தால் வீரபாகு முதலில் மாடிக் கதவைத்தான் பூட்டுவான். இத்தனை வருஷம் பூட்டி வைத்ததை இப்போது ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது.

தெரு முனையில் திரும்பியவன் பிரேக் போட்டான். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு பேர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணி மேல் இருந்தவன் நெட்டை, செவிலிமேட்டு ஏசி மெக்கானிக் ஜோசுவா. கீழே பசை வாளியோடு நின்றவன் குள்ளம், திருப்புட்குழியில் உரக்கடை வைத்திருக்கும் ராமராஜன். பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்க எப்போதாவது வாசல் வரைக்கும் வந்தவர்கள்.

"எறங்குடா கீழ!"

ஜோசுவா இறங்கினான். ராமராஜன் அழுதுகொண்டிருந்தான். கையெல்லாம் பசை, மூக்கை முழங்கையால் துடைத்தான்.

"வெளையாட உங்களுக்கு என் தம்பி பொணந்தான் கெட்ச்சுதா?"

"அண்ணா, தப்பா இன்னாண்ணா போட்டோம்?"

"இன்னா தப்பா? அவன் நேவியாடா? கம்பெனில பெல்ட்டாண்ட நின்னு பார்ட்ஸ் பொறுக்கிக்கினு இருந்தவன்டா!"

"அத கம்பெனிக்காரங்க போடட்டும்ணா" என்றான் ஜோசுவா. "எங்களுக்கு அவரு இன்னாவோ, அத நாங்க போட்டோம்."

"நண்பர்கள்னு போட்டுத் தொலைக்கறதுதானே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நண்பர்னு எப்டிண்ணா போடறது?" என்றான் ராமராஜன். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. "வருஷக்கணக்கா சண்டதானே. கடல்ல எங்களுக்கும் அவருக்கும் ஆவவே ஆவாது."

வீரபாகுவுக்குக் கை துறுதுறுத்தது. ஓங்கி ஓர் அறை விட்டிருப்பான். அதற்குள் ஜோசுவா பேசிவிட்டான்.

"தீவாளிலேர்ந்து உக்காந்து ஒரு கப்பலு கட்டுனாருண்ணா. காமாட்சின்னு பேரு."

"ஆரு பேரு?"

"உங்க அம்மா பேருதான். பெரிய கப்பலு, இந்தா, என் கை நீட்டு இருக்கும். போன மாசம் சண்டையன்னிக்கு எனக்கு வேல வந்துட்ச்சு, வர முடியல. எனக்கும் சேத்து நீயே டைஸ் உருட்டிடுன்னு போன்ல சொல்லிட்டேன். ரூமுல ஒண்டியா உக்காந்து உருட்டியிருக்காரு. ஒரு கண்ணு பாக்கல. திரும்பக் கூப்ட்டு, உனக்கு ரெண்டுலயும் ஆறு வுழுந்துட்ச்சு ஜோசுவா, காமாட்சி முழுவிட்ச்சுன்றாரு. முழுவலன்னு சொல்லியிருந்தா எனக்கு இன்னாண்ணா தெரியும்?"

வீரபாகுவுக்கு நினைவு வந்தது. போன மாதம் ஒரு நாள் தேவேந்திரன் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனான். என்னடா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லைண்ணா என்றான். கம்பெனியில் ஏதோ தகராறு என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

"ஒட்டுனது மொத்தத்தையும் கிழிங்க" என்றான் கடைசியில். சத்தம் குறைந்திருந்தது. "கிழிச்சிட்டு வூட்டாண்ட வந்து சேருங்க."

வீட்டு வாசலில் எதுவோ மாறியிருந்தது. சீட்டாடிக்கொண்டிருந்த கூட்டம் எழுந்து நின்றிருந்தது. பந்தலுக்கடியில் வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக ஒரு பெரியவர், அவருக்குப் பின்னால் அதே மிடுக்கில் இன்னும் இருவர். பெரியவர் கையில், இஸ்திரி போட்டு பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த தேசியக் கொடி.

"அண்ணன் நீங்கதானே? கோதண்டபாணி, ரிட்டயர்டு அவில்தார். முன்னாள் படைவீரர் சங்கத்துலேர்ந்து வர்றோம். போஸ்டரப் பாத்துதான் விஷயமே தெரிஞ்சுது. நம்ம ஊர்ல நேவிக்காரர் ஒருத்தர் இருந்தது எங்களுக்கே தெரியாம போச்சு பாருங்க. பேர மட்டும் ஏதோ ரசிச்சிப் போட்டுட்டாங்க பசங்க. தம்பி எந்த பேஸ்ல இருந்தாரு? கொச்சியா, விசாகப்பட்டினமா?"

வீரபாகு வாளியைக் கீழே வைத்தான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் சிரித்தவர்களும் வந்திருந்தார்கள், முகத்தில் சிரிப்பில்லை. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா காமாட்சியம்மாள் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள். விடியற்காலையிலிருந்து தொங்கிக் கிடந்த முகம் நிமிர்ந்திருந்தது.

"போத்தட்டும்டா" என்றாள் காதோடு. "என் புள்ளைக்கி வந்த மருவாத. நீ ஒண்ணும் பேசாத."

பேசாமலே இருந்திருக்கலாம். தலையை ஆட்டினால் போதும், பெட்டிமேல் கொடி ஏறிவிடும். மூன்று பேரும் சல்யூட் அடிப்பார்கள். தெரு கையெடுத்துக் கும்பிடும், இனி ஒரு பயல் தேவேந்திரனைச் சொல்லிச் சிரிக்க மாட்டான். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? வீரபாகு பெட்டியைப் பார்த்தான். உள்பக்கம் ஆவி படிந்து கண்ணாடி மங்கியிருந்தது. தம்பியின் முகம் சரியாகத் தெரியவில்லை.

"சார்" என்றான். செருமிவிட்டு, பந்தல் முழுக்கக் கேட்கும்படியே சொன்னான்.

"என் தம்பி நேவில இல்ல சார். அட்டையில கப்பல் செய்வான். அவனும் இன்னும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு நாடுன்னு பிரிச்சி வெச்சிக்கினு சண்ட போடுவாங்க. அதுல இவன் அட்மிரலு. அவ்ளதான் சார்."

பின்னால் யாரோ களுக்கென்றார்கள். அம்மா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பாவி! வாய வெச்சிக்கினு சும்மா இருந்தா இன்னாடா உனக்கு?"

அவில்தார் கையிலிருந்த கொடியைப் பார்த்தார். பிறகு வீரபாகுவை.

"இது வெளையாட்டுச் சாமான் இல்லபா" என்றார்.

"தெரியும் சார். அதான் சொன்னேன்."

அவர் உறையின் வாயை மடித்து, உள்ளே இருந்த காற்றை உள்ளங்கையால் அழுத்தி வெளியேற்றினார். கூட வந்த இருவரும் வண்டியை எடுக்கத் திரும்பிவிட்டார்கள். அவர் திரும்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதி டீ குடித்தபின் தலை நிமிராமலே கேட்டார்.

"பீரங்கிக்கு இன்னா வெப்பாரு?"

"பேனா ரீஃபில்லு சார்."

"ம்" என்றார். மீதி டீயையும் குடித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வெயில் இறங்கியது. குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். அம்மா வீரபாகுவின் பக்கமே திரும்பவில்லை. அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடும் தோளில் துண்டோடும், கயிற்றில் தொங்கும் கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டான். பாடையின் முன்பக்கம் பங்காளிகள் இருவர் வந்து நின்றார்கள்.

"பின்னாடி ஆருபா?" என்று குரல் வந்தது.

பந்தல் காலை ஒட்டி ஜோசுவாவும் ராமராஜனும் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்களோ தெரியாது. நகக்கண்ணிலெல்லாம் காகிதத் துணுக்கு.

"பாலாறு, புட்குழி… ரெண்டு பேரும் வாங்கபா" என்றான் வீரபாகு.

சித்தப்பா குறுக்கே வந்தார். "டேய், அந்த நெட்டப் பையன் வேதக்காரன்டா, சர்ச்சுக்குப் போறவன்."

"எதிரி நாட்டுக்காரன் சித்தப்பா. அவன்தான் தூக்கணும்."

தூக்கினார்கள். பறை எழுந்தது. முன்னால் நடக்க வேண்டிய வீரபாகு ஓரடி வைத்துவிட்டுத் திரும்பினான். ஜோசுவாவின் உயரத்துக்கும் ராமராஜனின் உயரத்துக்கும் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாமந்தி மாலைகள் அந்தப் பக்கமே சரிந்து கிடந்தன. சட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி, சுவருக்கு மட்டம் பார்ப்பதுபோல் பார்த்தான். தோளிலிருந்த துண்டை உதறி எடுத்து நான்காக மடித்து ராமராஜனின் தோளில் மூங்கிலுக்கடியில் செருகினான். முன்னால் போய் நின்று மறுபடி பார்த்தான். இன்னும் விரல் அளவு குறைந்தது. திரும்பி வந்து துண்டை உருவி, இன்னொரு மடிப்பு மடித்து வைத்தான்.

"இப்ப நட" என்றான்.