சிறிய பெட்டிகள் போன நாடு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு யோகலிங்கம் கொட்டகைக்குள் வந்து நின்ற நிற்பே சரியில்லை. ஒரு கையில் கைபேசி, மறு கையில் கடுதாசி.

“பிரேமிளா, நீர் சிரியாவுக்கு எத்தினை பெட்டி அனுப்பினனீர்?”

முருங்கையிலைத் தூள் நிறுத்துக்கொண்டிருந்த பிரேமிளா தராசிலிருந்து கையை எடுத்தாள். “எந்தச் சிரியா, அண்ணை?”

“உலகத்தில எத்தினை சிரியா இருக்கு? குண்டு விழுற சிரியாதான்!”

தூளைச் சலித்துக்கொண்டிருந்த ரஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யோகலிங்கம் சிரிக்கவில்லை. நெளுக்குளத்தில் அவர் இந்தக் கொட்டகையைத் தொடங்கி இரண்டு வருடங்கள். பதினெட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகிற முதல் சாமான் இதுதான். டுபாய் வியாபாரி ஒருவருக்கு முந்நூறு பெட்டி. கொள்கலன் நாளை மத்தியானத்துக்குள் கொழும்புத் துறைமுகத்துக்குள் போகவேண்டும். இந்தக் கப்பலைத் தவறவிட்டால் இந்தியாவில் வாங்கிக்கொள்வேன் என்று டுபாய்க்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர்.

இப்போது வங்கி ஏற்றுமதிக் கடுதாசிகளை மறித்துவிட்டது. வங்கி மறித்ததால் கப்பல் முகவரும் மறித்துவிட்டார்.

யோகலிங்கம் கடுதாசியை நீட்டினார். பொதிப் பட்டியலின் பிரதி. பெட்டிக் குறி என்ற நிரலில் பிரேமிளா கணினியில் அடித்த சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. எஸ், ஐ, ஆர், ஐ, வை, ஏ. இருநூற்று நாற்பது பெட்டி.

“இது சிறிய, அண்ணை. சிறிய பைக்கற் இருக்கிற பெட்டி. மற்ற அறுபதும் பெரிய.”

“உம்மை ஆர் இங்கிலீசில எழுதச் சொன்னது?”

“நான் எங்க இங்கிலீசில எழுதினனான்? தமிழைத்தான் எழுதினனான். கொம்பியூட்டரில தமிழ் எழுத்து இல்லையே.”

அது உண்மைதான். கைபேசியில் மகளுக்குச் செய்தி அனுப்புகிறபோது எழுதுகிற மாதிரியே அவள் பட்டியலையும் அடித்திருந்தாள். பெட்டிகளிலும் அதே எழுத்தைத் தகட்டில் வெட்டிக் கறுப்பு மையால் அடித்திருந்தாள். அந்த இடத்தில் பெட்டி போகிற ஊரை எழுதுவதுதான் கப்பல் வழக்கம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டுவந்து செட்டிகுளத்தில் காடு வெட்டிக் குடியேறியவர். அந்தக் குடும்பத்தில் யாரும் கப்பலுக்குச் சாமான் ஏற்றியதில்லை.

“நான் ஒரு யோசினை வைச்சிருக்கிறன்,” என்றார் யோகலிங்கம். “அது எங்கட பிராண்ட் பேர் எண்டு சொல்லுவம். நீர் ஓம் எண்டு மட்டும் சொன்னால் காணும்.”

பதினொரு மணிக்கு வங்கியிலிருந்து காணொளி அழைப்பு வந்தது. தடைப் பட்டியல்களைப் பார்க்கிற பிரிவின் அதிகாரி, பெயர் தாட்சாயினி. முப்பது வயதிருக்கும். யோகலிங்கம் பிராண்ட் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

“நல்லது. பிராண்டின்ர பதிவு இலக்கத்தைத் தாங்கோ.”

யோகலிங்கம் பிரேமிளாவைப் பார்த்தார். பிரேமிளா கைபேசியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“பிராண்டும் இல்லை, ஒண்டும் இல்லை, தங்கச்சி. சின்னப் பைக்கற் எண்டு அடையாளத்துக்கு எழுதினனான். சிறிய.”

தாட்சாயினி ஒரு கணம் முழித்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பினாள். தோள் குலுங்கியது. திரும்பியபோது பழையபடி அதிகாரியாக இருந்தாள். “எனக்கு விளங்குது, அக்கா. எங்கட கொம்பியூட்டருக்கு விளங்காது. அது எழுத்துக் கிட்டமுட்ட வந்தாலே பிடிக்கும். அதோட டுபாய். தடை போட்ட நாடுகளுக்குச் சாமான் சுத்திப் போற வழியளில அதுவும் ஒண்டு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆருக்கும் சந்தேகம் வரும்.”

“நாங்கள் இலங்கையில இருக்கிறம். சிரியாவுக்குத் தடை போட்டது அமெரிக்கா. உங்களுக்கு என்ன?” என்றார் யோகலிங்கம்.

“டொலர் எல்லாம் நியூயோர்க்கில இருக்கிற வங்கியளுக்குள்ளாலதான் போகுது, ஐயா. நாங்கள் ஒரு பிழை விட்டால் அந்தக் கதவைப் பூட்டிடுவினம். பிறகு எங்கட வங்கியால ஒரு டொலரும் அசையாது. அதால அவை சொல்ல முதலே நாங்கள் மறிப்பம். இப்ப நடுக்கடலில கப்பலை மறிக்கிற வேலை குறைவு. கடுதாசியிலயே மறிச்சுப்போடலாம்.”

“அங்கத்தைச் சனம் முருங்கையிலைத் தூள் சாப்பிட்டால் ஆருக்கு என்ன கேடு?” என்று கேட்டாள் பிரேமிளா.

“சாப்பாட்டுக்குத் தடை இல்லை, அக்கா. சட்டத்தில அப்பிடித்தான் இருக்கு. ஆனால் அதை நிரூபிக்கிற கடுதாசியளுக்குப் பயந்து ஒரு வங்கியும் கிட்டப் போகாது.”

“எங்களுக்கும் அப்பிடித்தான். சண்டை நாளில வன்னிக்குச் சாப்பாட்டுச் சாமான் தடையில்லை எண்டுதான் றேடியோவில சொன்னவை. சாமான்தான் வந்துசேரேல்லை.”

“அப்ப பெட்டியளில அந்த எழுத்தை மையால அழிச்சு விடட்டோ?” என்று யோகலிங்கம் குறுக்கே விழுந்தார்.

“ஐயோ, கை வைச்சிடாதேங்கோ! அழிச்சால்தான் களவு. போற இடத்தை ஒளிக்கிறதெண்டு ஆகிடும்.” பிறகு அவளே வழி சொன்னாள். இந்தப் பிரச்சினை வருவதற்கு முன்னரே அதே சொல்லை அதே கருத்தில் எழுதியதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும்.

பிரேமிளா யோசித்தாள். ஆனி மாதம் புளியங்குளத்துக் கடை ஒன்றுக்கு ஐந்து பெட்டி அனுப்பியபோது, லொறிக்காரன் கேட்டதற்காகத் திறந்த பெட்டிகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கைபேசியில் தேடினாள். மூன்று பெட்டியில் அதே இங்கிலீசு எழுத்தில் ‘சிறிய’, உள்ளே கையளவு பைக்கற். இரண்டில் ‘பெரிய’, உள்ளே கிலோப் பைக்கற். படத்தின் அடியில் திகதி.

படம் நியூயோர்க் வங்கியின் இரவுப் பிரிவு வரை போய் வரப் பின்னேரம் இரண்டரை ஆகிவிட்டது. வந்த பதிலைத் தாட்சாயினியே வாசித்தாள்: “சிறிய சரியாம். பெரிய எண்டது எந்த நாடெண்டு கேக்கினம்.”

இந்த முறை யோகலிங்கமும் சிரித்துவிட்டார்.

மூன்றேகாலுக்கு அதுவும் தீர்ந்தது. மிச்சம் ஓர் உறுதிமொழிப் பத்திரம். இந்தப் பொருள் தடைசெய்யப்பட்ட எந்த நாட்டுக்கும் போகாது, போனால் கையொப்பமிட்டவரே பொறுப்பு. நான்கு மணிக்குள் அனுப்பவேண்டும். முதலாளி அல்லது பொதிக்குப் பொறுப்பானவர், இருவரில் ஒருவர் ஒப்பம் வைத்தால் போதும்.

யோகலிங்கம் பேனையைப் பிரேமிளாவின் பக்கம் தள்ளினார். “பெட்டியில எழுதினது நீர்தானே. வையும்.”

பொறுப்பு என்ற சொல்லை அவள் இரண்டு தரம் வாசித்தாள். டுபாயில் இறங்கியபிறகு பெட்டி எங்கே போகும் என்று நெளுக்குளத்தில் இருந்துகொண்டு அவள் எப்படிச் சொல்வது? சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. பேனையை எடுத்தாள்.

“அடையாள அட்டையில இருக்கிற மாதிரி முழுப் பேரையும் இங்கிலீசில எழுதுங்கோ, அக்கா,” என்றாள் தாட்சாயினி. “என்ன பேர்?”

“சூரியகுமார் பிரேமிளா. சூரியகுமார் என்ர மனுசன்ர பேர்.”

“கடவுளே! எழுதாதேங்கோ!”

பேனை அந்தரத்தில் நின்றது.

“அரபியில சிரியாவை சூரியா எண்டுதான் சொல்லுறது. அதுவும் பட்டியலில இருக்கு. ஒப்பம் வைக்கிற ஆளின்ர பேரையும் கொம்பியூட்டர் பார்க்கும். இனி இந்தப் பேருக்கும் ஆதாரம் தேடினால் நாளைக்குக் கப்பல் போயிடும்.”

பிரேமிளா பேனையை மூடி யோகலிங்கத்தின் முன்னால் வைத்தாள்.

“நான் என்ன செய்ய, அண்ணை? மனுசனை மாத்த ஏலாதே.”

ரஜிதா அரிதட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

யோகலிங்கம் பத்திரத்தைப் பார்த்தார். பொறுப்பு என்ற இடத்தை அவரும் இரண்டு தரம் வாசித்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து, எழுதப்போன கையை நிறுத்தித் தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, யோகலிங்கம் எண்டு ஒரு நாடும் இல்லைத்தானே?”

“பொறுங்கோ, அடிச்சுப் பார்க்கிறன்.” விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. “இல்லை, ஐயா. தாராளமா வையுங்கோ.”

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பத்திரம் போனது. மறுநாள் பதினொன்றரைக்குக் கொள்கலன் துறைமுக வாசலைத் தாண்டியது.